தினசரி ஓட்டத்துக்கு விண்ட்சர்: ஷோரூமுக்கு முன் வீட்டு மீட்டரைப் பாருங்கள்

கேள்வி இது: திருச்சியில் சொந்த வீடு, வாசலில் கார் நிறுத்த இடம் உண்டு. வேலைக்குப் போய்வர நாளுக்கு 50 கி.மீ., மாதம் ஒரு தடவை குடும்பத்தோடு சென்னை. எம்ஜி விண்ட்சர் மின்சாரக் காரின் 38 யூனிட் பேட்டரி மாடலை வீட்டின் ஒரே காராக வாங்கலாமா? சீன வண்டி என்பதால் பின்னால் சிக்கல் வருமா?

வாங்கலாம். இந்த ஓட்டத்துக்கு அது தாராளமாகப் போதும். ஆனால் லாபமா நஷ்டமா என்பது காரில் இல்லை. அது எந்த சாக்கெட்டில் சார்ஜ் ஆகிறது, அந்த சாக்கெட் எந்த மீட்டரில் ஓடுகிறது என்பதில் இருக்கிறது. வீட்டில் சார்ஜ் போட வழியுள்ளவருக்கு இது மிக மலிவான வண்டி. வழியில்லாதவருக்கு, பேட்டரியையும் வாடகைக்கு எடுத்திருந்தால், ஏறக்குறைய பெட்ரோல் காரின் செலவே வரும், கூடவே காத்திருப்பும். கணக்கைக் கீழே போட்டுக் காட்டுகிறேன்.

முதலில் வண்டி என்ன என்று தெரிந்துகொள்வது நல்லது. விண்ட்சர், சீனாவின் சாய்க் குழுமத்தைச் சேர்ந்த வூலிங் நிறுவனத்தின் கிளவுட் ஈவி. இந்தோனேசியாவில் அதே பெயரில் ஓடுகிறது. இந்தியாவில் 2024 செப்டம்பரில் வந்தது. குஜராத்தின் ஹாலோல் ஆலையில் தயாராகிறது. எம்ஜியின் சின்ன காரான காமெட்டும் இதே வகைதான்; அது வூலிங் ஏர் ஈவி. விண்ட்சரில் 136 குதிரைத்திறன் மோட்டார், முன்சக்கர இயக்கம். பேட்டரி லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை, சுருக்கமாக எல்எஃப்பி. எடைக்கு எடை மின்சாரம் கொஞ்சம் குறைவாகப் பிடிக்கும். ஆனால் வெப்பம் தாங்கும், தீப்பிடிக்கும் அபாயம் குறைவு, பலமுறை சார்ஜ் ஏற்றி இறக்கினாலும் மெதுவாகவே தேயும். நம் ஊர் வெயிலுக்கு நான் எப்போதும் இந்த வகையைத்தான் சொல்வேன்.

விளம்பரத்தில் 332 கி.மீ. என்று இருக்கும். அது குறைந்த வேகத்தில் ஓடும் ஆய்வுக்கூடச் சோதனையின் எண். ஏசி போட்டு ஊருக்குள் ஓட்டினால், 10 சதவீதம் கையில் வைத்துக்கொண்டு, 250 முதல் 270 வரை எதிர்பாருங்கள். நான்குவழிச் சாலையில் 95 கி.மீ. வேகத்தில் சீராகப் போனால் 100 கி.மீ.க்கு 16 யூனிட் ஆகும். அதாவது முழு பேட்டரிக்கு 230 சொச்சம், 10 சதவீதம் கையில் வைத்துக்கொண்டால் 210. வேகம் 110 ஆனால் 100 கி.மீ.க்கு 20 யூனிட் பக்கம் போய்விடும். காற்றின் எதிர்ப்பு விசை வேகத்தின் வர்க்கமாக ஏறுவதுதான் காரணம். பெட்ரோல் காரிலும் இதே விசைதான். அங்கே இன்ஜினே முக்கால்வாசி சக்தியை வெப்பமாக வீணாக்குவதால் இந்த வித்தியாசம் கண்ணில் படுவதில்லை. நெரிசலில் நின்றால் இழப்பு ஏசிக்கு மட்டுமே. மே மாத மதியத்தில் ஒரு மணி நேரம் நின்றாலும் ஒன்று, ஒன்றரை யூனிட்தான் போகும். ஊருக்குள் ஓட்டுபவர் இதற்காக ஏசியை அணைத்து வேர்க்க வேண்டியதில்லை.

இனி வீட்டு வயரிங். மின்சாரக் காரில் வரும் தொந்தரவுகளில் பெரும்பகுதி இங்கேதான் பிறக்கிறது, காரில் அல்ல.

நாளுக்கு 50 கி.மீ. என்றால் பேட்டரியிலிருந்து ஆறரை யூனிட், சார்ஜ் ஏறும்போது ஆகும் இழப்பையும் சேர்த்தால் மீட்டரில் ஏழே கால் யூனிட். சாதாரண 3.3 கிலோவாட் கேபிளில் இது இரண்டரை மணி நேர வேலை. ஆகவே சுவரில் பொருத்தும் 7.4 கிலோவாட் சார்ஜரான வால்பாக்ஸ் உங்களுக்கு வசதிதானே தவிர கட்டாயமில்லை. வால்பாக்ஸ் முழு பேட்டரியை ஆறரை மணி நேரத்தில் ஏற்றும்; சின்ன கேபிளுக்குப் பதினான்கு மணி நேரம் ஆகும். சென்னையிலிருந்து ஞாயிறு இரவு காலி பேட்டரியோடு வந்து திங்கள் காலை மறுபடி நீண்ட தூரம் போகிறவருக்குத்தான் வால்பாக்ஸ் உண்மையில் தேவை.

சின்ன கேபிளாக இருந்தாலும் சாக்கெட்டில் சிக்கனம் பார்க்காதீர்கள். அது 14 ஆம்பியர் மின்சாரத்தை மணிக்கணக்கில் நிறுத்தாமல் இழுக்கும். வீட்டில் உள்ள 16 ஆம்ப் பவர் பாயின்ட் கெய்சருக்கும் அயர்ன் பாக்ஸுக்கும் போட்டது. அவை பத்துப் பதினைந்து நிமிடத்தில் அணைந்துவிடும். சாக்கெட்டின் பின்னால் ஒரு திருகு சற்றே தளர்ந்து, அந்த இணைப்பில் வெறும் 0.1 ஓம் தடை இருந்தாலே 14 ஆம்பியரில் சுமார் 20 வாட் வெப்பம் அந்த ஒரு புள்ளியில் எழும். சுவருக்குள் ஒரு சால்டரிங் அயர்னை இரவு முழுக்கப் போட்டு வைத்தது போல. பிளாஸ்டிக் பழுப்பாகி, ஸ்பிரிங் தளர்ந்து, தடை இன்னும் கூடி, கடைசியில் பிளக் சாக்கெட்டோடு உருகி ஒட்டிக்கொள்ளும். புதிய சாக்கெட் போட்ட முதல் வாரம், சார்ஜ் தொடங்கி ஒரு மணி நேரம் கழித்து பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு பரவாயில்லை. கை வைத்து வைத்திருக்க முடியாத சூடு என்றால் சார்ஜை முதலில் காரிலோ ஆப்பிலோ நிறுத்தி, பிறகு சுவிட்சை அணைத்து, அதற்குப் பின்தான் பிளக்கை எடுங்கள்.

எலெக்ட்ரீஷியனிடம் சொல்ல வேண்டியது இதுதான். மெயின் போர்டிலிருந்து காருக்கென்று தனி லைன். வழியில் வேறு எந்தப் பாயின்ட்டும் கூடாது. சின்ன கேபிளுக்கு 4 சதுர மி.மீ. செம்புக் கம்பி, 20 ஆம்ப் எம்சிபி. வால்பாக்ஸுக்கு 6 சதுர மி.மீ., 40 ஆம்ப் எம்சிபி. தூரம் 25 மீட்டரைத் தாண்டினால் 10 சதுர மி.மீ. இரண்டுக்குமே, மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி, அதுவும் ‘ஏ’ டைப். கடையில் மலிவாகக் கிடைக்கும் ‘ஏசி’ டைப், கார் சார்ஜர்களில் வரக்கூடிய டிசி கசிவில் மரத்துப்போய், தேவையான நேரத்தில் விழாமல் போகலாம். சாதாரண சாக்கெட்டுக்குப் பதில் நீல நிற மூடி போட்ட இண்டஸ்ட்ரியல் சாக்கெட் போட்டால் பிடிமானம் நன்றாக இருக்கும். ஆனால் அதற்கேற்ற பிளக்கை மாற்ற கேபிளை வெட்டாதீர்கள், வாரண்டி போய்விடும். டீலரிடம் சரியான பிளக் கேளுங்கள், இல்லையென்றால் தரமான 16 ஆம்ப் சாக்கெட்டே போதும். கேபிளின் நடுவில் இருக்கும் கனமான பெட்டியைச் சுவரில் கொக்கி அடித்து மாட்டுங்கள். அது தொங்கும் எடைதான் பல வீடுகளில் சாக்கெட்டைத் தளர்த்துகிறது. இந்த லைன் இன்வெர்ட்டர் பக்கம் போகவே கூடாது.

எர்த் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சார்ஜர் சிவப்பு விளக்கு எரிந்து “கார் ரிப்பேர்” என்று சர்வீஸ் சென்டருக்குப் போகும் புகார்களில் பல, எர்த் இல்லாத வீடுகளால் வருபவை. பழைய வீடுகளில் எர்த் குழி வறண்டு, கம்பி துருப்பிடித்துப் பெயரளவில்தான் இருக்கும். விளக்கும் மின்விசிறியும் அதைக் கண்டுகொள்வதில்லை. கார் சார்ஜர் ஒவ்வொரு முறையும் எர்த்தைச் சோதித்துவிட்டுத்தான் மின்சாரம் எடுக்கும். தனிக் குழி தோண்டி, எர்த் தடை 5 ஓமுக்குக் கீழே வருகிறதா என்று மீட்டர் வைத்து அளக்கச் சொல்லுங்கள். லோடு ஓடும்போது நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே 3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எங்கோ இணைப்பு தளர்ந்திருக்கிறது. சார்ஜர் வேலை செய்ய வேண்டும் என்பதற்காக நியூட்ரலையும் எர்த்தையும் சாக்கெட்டிலேயே இணைத்துவிடும் எலெக்ட்ரீஷியன்கள் இருக்கிறார்கள். விடாதீர்கள். ஒருநாள் நியூட்ரல் அறுந்தால் கார் பாடி முழுக்க ஷாக் அடிக்கும்.

த்ரீ ஃபேஸ் இணைப்பு இருந்தாலும் இந்தக் கார் ஒரு ஃபேஸில்தான் எடுக்கும். ஏசியும் மோட்டாரும் இல்லாத ஃபேஸில் காரைப் போடுங்கள். வால்பாக்ஸ் வைப்பதாக இருந்தால் மீட்டருக்கு அனுமதித்த லோடை மின்வாரியத்தில் முதலிலேயே உயர்த்திவிட வேண்டும்.

இப்போது கரண்ட் பில். தமிழ்நாட்டில் வீட்டு மின்சாரம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அடுக்கு முறையில் கணக்காகிறது. “யூனிட் 5 ரூபாய், கி.மீ.க்கு 70 பைசா” என்று விற்பனையாளர் சொல்லும் கணக்கு இங்கே நிற்காது, ஏனென்றால் காரின் யூனிட்டுகள் எப்போதும் மேல் அடுக்கில்தான் போய் உட்காரும். 2024 ஜூலையில் உயர்ந்த கட்டணப்படி, 500 யூனிட்டுக்குள் இருப்பவருக்கு முதல் 100 இலவசம், அடுத்த 100 யூனிட் 2.35 ரூபாய், 400 வரை 4.70, 500 வரை 6.30. இதைத் தாண்டினால் 2.35 என்ற சலுகை அடுக்கு காணாமல் போகும். 101 முதல் 400 வரை எல்லாமே 4.70. அதன் மேல் 500 வரை அதே 6.30, 600 வரை 8.40, 800 வரை 9.45, 1,000 வரை 10.50, அதற்கும் மேல் 11.55. சரியாக 500 யூனிட் எரித்தவர் 1,805 ரூபாய் கட்டுவார். 501-வது யூனிட் மட்டும் அவருக்கு 243 ரூபாய் விழும்.

உங்கள் வீடு இரண்டு மாதத்துக்கு 380 யூனிட் எரிக்கிறது என்று வைப்போம். பில் 1,081 ரூபாய். வேலை நாட்களின் ஓட்டம் இரண்டு மாதத்தில் 2,500 கி.மீ., அதற்கு 360 யூனிட். மொத்தம் 740 ஆகும், பில் 4,203 ரூபாய். கூடுதல் 3,122 ரூபாய். காரின் யூனிட் சராசரி 8.67, கி.மீ.க்கு 1.25 ரூபாய். வெயில் காலத்தில் இரண்டு ஏசி ஓடி, வீடு ஏற்கனவே 900 யூனிட்டில் இருந்தால் அதே காருக்கு 4,053 ரூபாய், கி.மீ.க்கு 1.62. அப்படியும் 14 கி.மீ. மைலேஜ் தரும் பெட்ரோல் கார், லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தாலே, கி.மீ.க்கு 7.15 கேட்கும். வித்தியாசம் பெரியதுதான், சொல்லப்படும் அளவுக்குப் பெரியதில்லை, அவ்வளவே.

மாடியில் இடமிருந்தால் சோலார் இந்தக் கணக்கை முழுதாக மாற்றும். 3 கிலோவாட் பேனல் நாளுக்குச் சராசரி 12 யூனிட் தரும். பிஎம் சூர்ய கர் திட்டத்தில் அந்த அளவுக்கு 78,000 ரூபாய் மானியம். இரண்டு மாதத்தில் 700 யூனிட் என்பது மேலே சொன்ன வீடு, கார் இரண்டுக்கும் கிட்டத்தட்ட சரியாக வரும். பகலில் மின்வாரியத்துக்குப் போன யூனிட்டைப் பில்லில் கழிக்கும் நெட் மீட்டர் இருப்பதால் இரவில் சார்ஜ் போட்டாலும் பரவாயில்லை.

வீட்டில் சார்ஜ் வசதியே இல்லாமல், பொதுச் சார்ஜரை மட்டும் நம்பினால்? வேகமாக ஏற்றும் டிசி சார்ஜர்களில் யூனிட் 18 முதல் 25 ரூபாய். 22 என்று வைத்தால் கி.மீ.க்கு 3 ரூபாய்க்குச் சற்று மேல். இதோடு பேட்டரி வாடகையும் சேர்ந்தால் பெட்ரோல் செலவுக்குப் பக்கத்தில் வந்துவிடும்.

அந்த வாடகைத் திட்டத்தைப் பற்றி. அறிமுகமானபோது விண்ட்சர் பேட்டரியோடு 13.50 லட்சம், பேட்டரியை வாடகைக்கு எடுத்தால் 9.99 லட்சமும் கி.மீ.க்கு 3.50 ரூபாயும். பிறகு விலைகள் மாறின, கணக்கின் வடிவம் மாறவில்லை. வித்தியாசம் 3.51 லட்சம், கி.மீ.க்கு 3.50 வீதம் ஒரு லட்சம் கி.மீ.யில் சமமாகிவிடும். சென்னைப் பயணமும் சேர்த்து மாதம் 1,900 கி.மீ. ஓட்டும் உங்களுக்கு அது நாலரை ஆண்டு. வாடகை 3.50, மின்சாரம் 1.25, மொத்தம் 4.75 என்பது பெட்ரோலைவிடக் குறைவுதான். ஆனாலும் முன்பணம் திரட்ட முடியுமானால் பேட்டரியோடு வாங்குங்கள் என்பதே என் கருத்து. நிறைய ஓட்டுகிறவருக்கு வாடகை என்பது வேறு பெயரில் ஒரு கடன்தான். எடுத்தே ஆக வேண்டுமென்றால் கையெழுத்துக்கு முன் நான்கு விஷயங்களை எழுத்தில் கேளுங்கள்: மாதக் குறைந்தபட்ச கி.மீ. எவ்வளவு, நடுவில் வண்டியை விற்றால் பாக்கி என்ன, விபத்தில் முழுச் சேதமானால் பேட்டரிக்கான இன்சூரன்ஸ் பணம் யாருக்கு, கடைசித் தவணைக்குப் பின் பேட்டரி யாருடையது.

சென்னைப் பயணம். திருச்சியிலிருந்து 330 கி.மீ. இரவே 100 சதவீதம் ஏற்றிவிடுங்கள். 95 கி.மீ. வேகத்தில் விழுப்புரம் பக்கம் 170 கி.மீ. கடக்கும்போது 28 சதவீதம் போல மீதி இருக்கும். அங்கே 85 வரை ஏற்ற, சார்ஜர் சரியாக இருந்தால் 40 நிமிடம். ஒரு டிபனுக்கான நேரம். அதோடு நகருக்குள் 15 சதவீதத்துக்குக் குறையாமல் போய்ச் சேரலாம். 110-இல் விரட்டினால் விழுப்புரத்தில் 10 சதவீதத்தில் நிற்பீர்கள், 95 வரை ஏற்றியாக வேண்டும். 80-க்கு மேல் சார்ஜ் வேகம் படிப்படியாக இறங்குவதால் சாலையில் மிச்சம் பிடித்த அரை மணியில் பெரும்பகுதி சார்ஜரில் போய்விடும். பெரிய சார்ஜர் தேடி அலைய வேண்டாம். இந்த பேட்டரி 45 கிலோவாட் அளவுக்கு மேல் வாங்காது. 120 கிலோவாட் சார்ஜரிலும் அதே நேரம்தான்.

வழியில் சார்ஜர் தேர்ந்தெடுக்கும்போது ஒரே ஒரு கன் (காரில் செருகும் கேபிள் முனை) உள்ள இடத்தை நம்பிப் போகாதீர்கள். ஆப்பில் “கிடைக்கிறது” என்று காட்டுவதைவிடக் கடைசியாக ஒருவர் வெற்றிகரமாக சார்ஜ் செய்தது எப்போது என்பதைப் பாருங்கள். அடுத்த நிலையம் வரை போகும் அளவு எப்போதும் பேட்டரியில் இருக்க வேண்டும். 15 சதவீதத்துக்குக் கீழே முதல் முயற்சி செய்யாதீர்கள். இரண்டு மூன்று நிறுவனங்களின் ஆப்பை வீட்டிலேயே இறக்கி, வாலட்டில் 300, 400 ரூபாய் போட்டு வையுங்கள். நெட்வொர்க் மோசமான இடத்தில் புதிய கணக்குத் தொடங்குவது பெரும்பாடு. சார்ஜ் தொடங்க மறுத்தால் முதலில் கன்னின் கைப்பிடியை மேல்நோக்கித் தாங்கிப் பிடித்து மறுபடி தொடங்குங்கள். கேபிளின் எடையில் கன் சாய்ந்து, பூட்டும் முள் சரியாக விழாமல் இருப்பதுதான் பலமுறை காரணம். திரை எதுவும் காட்டாவிட்டால் சிவப்பு அவசர பட்டனைப் பாருங்கள். யாராவது அழுத்திவிட்டுப் போயிருப்பார்கள். வலப்பக்கம் திருகினால் வெளியே வரும். கன் காரில் மாட்டிக்கொண்டால் இழுக்காதீர்கள், கார் கதவை ஒருமுறை பூட்டித் திறங்கள்.

மலைப் பயணத்துக்கு வேறு கணக்கு. ஆட்களோடு காரின் எடை 1,900 கிலோ என்று வைத்தால், வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் வரை 1,800 மீட்டர் உயரம் ஏறுவதற்கு மட்டும், தூரத்துக்கான செலவு போக, 10 யூனிட் வேண்டும். பேட்டரியில் கால்வாசிக்கு மேல். திண்டுக்கல்லிலேயே நிரப்பிக்கொண்டு ஏறுங்கள். இறங்கும்போது பாதிக்கு மேல் திரும்பக் கிடைக்கும், ஆனால் மேலே 100 சதவீதம் ஏற்றிவிட்டு இறங்கினால் அந்த மின்சாரத்தை வைக்க பேட்டரியில் இடமிருக்காது. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் வண்டி தானாக வேகம் குறையும் பழக்கம் வேலை செய்யாமல், முழுச் சுமையும் பிரேக்கில் விழும். மேலே 80-க்கு மேல் ஏற்றாமல் கிளம்புங்கள்.

“80-க்கு மேல் ஏற்றவே கூடாது” என்ற அறிவுரை எல்லா இடத்திலும் கேட்கும். அது நிக்கல் கலந்த பேட்டரிகளுக்குப் பொருந்துவது. எல்எஃப்பியில் 20-லிருந்து 80 சதவீதம் வரை மின்னழுத்தம் கிட்டத்தட்ட ஒரே அளவில் நிற்கும். எவ்வளவு மீதி என்று மின்னழுத்தத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியாமல், உள்ளே போன, வெளியே வந்த மின்சாரத்தை எண்ணியே கார் கணக்கு வைக்கிறது. அந்த எண்ணிக்கையில் சிறு பிழைகள் சேர்ந்துகொண்டே போகும். வாரம் ஒருமுறை மெதுவான சார்ஜில் 100 வரை ஏற்றினால் கணக்கு சரியாகும், செல்களும் சமநிலைக்கு வரும். 100 காட்டிய பிறகும் அரை மணி நேரம் கேபிளை விட்டு வையுங்கள். இதைச் செய்யாத வண்டிகளில்தான் 18 சதவீதம் காட்டிக்கொண்டிருந்தது திடீரென்று 5-க்கு விழும் புகார் வருகிறது. மற்ற நாட்களில் 80, 90 எதுவானாலும் சரி. பல வாரம் ஊரில் இல்லையென்றால் பாதி சார்ஜில் நிழலில் நிறுத்திவிட்டுப் போங்கள். முழு சார்ஜும் வெயிலும் நீண்ட நாள் சேர்ந்திருப்பதுதான் பேட்டரிக்கு ஆகாது.

பெரிய பேட்டரியைப் பற்றிக் கவலைப்படும் பலர், நடுவழியில் நிறுத்தும் சின்ன 12 வோல்ட் பேட்டரியைக் கவனிப்பதில்லை. கதவுப் பூட்டு, திரை, பெரிய பேட்டரியை மோட்டாரோடு இணைக்கும் ரிலே எல்லாம் அதில்தான் ஓடுகின்றன. அது செத்தால் பெரிய பேட்டரி 90 சதவீதம் இருந்தும் வண்டி கிளம்பாது. நம் வெப்பத்தில் இரண்டு, மூன்று ஆண்டுதான் ஆயுள். நிறுத்திய பின்னும் ஓடும் டேஷ்கேம், போனிலிருந்து அடிக்கடி ஆப்பில் காரைப் பார்ப்பது இரண்டும் அதை வேகமாகக் கொல்லும். ஒரே நேரத்தில் சம்பந்தமில்லாத நான்கைந்து எச்சரிக்கை விளக்குகள் வந்தால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள். ஒரு மல்டிமீட்டர் போதும்: இரவு முழுக்க நின்ற பிறகு 12.6 வோல்ட் நல்லது, 12.2 பாதி, 11.8-க்குக் கீழே மாற்ற வேண்டும். வண்டி ஓடும் நிலையில் 13.5-க்கு மேல் காட்டாவிட்டால் பழுது பேட்டரியில் இல்லை, அதை நிரப்பும் கன்வெர்ட்டரில். சாவிக்குள் இருக்கும் இரும்புச் சாவியால் கதவு திறக்கிறதா என்று டெலிவரி அன்றே பாருங்கள். உங்கள் காரிலிருந்து அடுத்தவர் காருக்கு ஜம்ப் கொடுக்காதீர்கள்.

பஞ்சர் கடை இன்னொரு ஆபத்தான இடம். பேட்டரி தரை முழுக்க அடியில் பரவியிருக்கிறது. பழக்கத்தில் ட்ராலி ஜாக்கியைக் காரின் நடுப்பக்கம் தள்ளித் தூக்கினால் முழு எடையும் பேட்டரியின் அலுமினியப் பெட்டியில் ஏறும். ஒரு பள்ளம் விழுந்தாலே பேட்டரி முழுவதையும் மாற்றச் சொல்லும் செலவு வரும். ஜாக்கி வைக்க வேண்டிய நான்கு இடங்களும் கதவுக்கடியில், சக்கரத்தை ஒட்டி, கனத்த விளிம்பாகத் தெரியும். கையேட்டில் படம் இருக்கிறது. அந்தப் பக்கத்தை போனில் எடுத்து வைத்து, கடைக்காரர் ஜாக்கியைத் தள்ளும் முன் காட்டுங்கள். வெள்ளையடிக்காத வேகத்தடையில் அடி பலமாக இடித்தால் அன்றே லிஃப்டில் ஏற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்டெப்னி இருக்கிறதா, இல்லை பஞ்சர் கிட் மட்டுமா என்பதையும் பதிவு செய்யும் முன்பே கேளுங்கள். 18 அங்குல டயர் வரும் மாடல் என்றால், அது எல்லா ஊர்க் கடையிலும் இருக்காது.

மழையில் சார்ஜ் போடலாம். பிளக் தண்ணீரில் கிடக்கக் கூடாது, அவ்வளவுதான். வெள்ளம் வேறு. பேட்டரி நீர்புகாத் தரம் பெற்றது என்பது, அசையாத தண்ணீரில் சிறிது நேரம் வைத்துச் செய்த சோதனை. சாக்கடைத் தண்ணீரில் இரவு முழுக்க நின்றதற்கு உத்தரவாதம் அல்ல. தண்ணீர் இருக்கை வரை ஏறியிருந்தால் ஸ்டார்ட் செய்யவோ சார்ஜ் போடவோ கூடாது. எந்தப் பழுதிலும் கயிறு கட்டி இழுக்காதீர்கள். முன்சக்கரம் சுழன்றால் மோட்டார் மின்சாரம் உற்பத்தி செய்யும். நான்கு சக்கரமும் மேலே ஏறும் பிளாட்பெட் வண்டிதான் வேண்டும் என்று போனிலேயே சொல்லிவிடுங்கள். இன்சூரன்ஸில் பேட்டரிக்கும் சார்ஜருக்கும் நீர்ச் சேதம் சேர்த்த கூடுதல் கவர் எடுங்கள். மூன்றாம் நபர் பிரீமியத்தில் மின்சாரக் காருக்கு 15 சதவீதம் தள்ளுபடி உண்டு. பாலிசியில் அது கழிந்திருக்கிறதா பாருங்கள்.

சர்வீஸில் பெரிதாக எதுவும் இல்லை. ஏசி ஃபில்டர், இரண்டு ஆண்டுக்கொருமுறை பிரேக் ஆயில், கூலண்ட் அளவு, 10,000 கி.மீ.க்கு டயர் இடம் மாற்றுதல். மோட்டாரின் உடனடி இழுவையால் முன் டயர்கள் முதலில் தேயும். பிரேக் பேட் தேய்வது குறைவு என்பதே ஒரு குறை. பயன்படாமல் டிஸ்க் துருப்பிடிக்கும். வாரம் ஒருமுறை காலிச் சாலையில் நன்றாக அழுத்தி நிறுத்துங்கள். ஏசி, கண்ணாடி, விளக்கு அமைப்புகளில் பலவும் நடுத் திரைக்குள் இருப்பது எனக்குப் பிடிக்காத விஷயம். கிளம்பும் முன்பே அமைத்துவிடுங்கள், ஓடும்போது தேட வேண்டாம்.

சீன வண்டி என்ற பயத்துக்கு வருகிறேன். தரத்தைப் பற்றிய பயம் தேவையில்லை. எல்எஃப்பி பேட்டரியில் உலகில் முன்னால் நிற்பது சீனாதான். கவலைப்பட வேண்டியது உதிரி பாகங்களும் அரசியலும். 2020 ஏப்ரலில் எல்லை நாடுகளின் முதலீட்டுக்கு இந்திய அரசு முன் அனுமதியைக் கட்டாயமாக்கியது. அதன் பிறகுதான் எம்ஜியில் இந்தியாவின் ஜேஎஸ்டபிள்யூ குழுமம் 35 சதவீதப் பங்கோடு வந்தது. 2025 ஏப்ரலில் சீனா சில அரிய மண் தனிமங்களுக்கும் அவற்றின் காந்தங்களுக்கும் ஏற்றுமதிக் கட்டுப்பாடு போட்டபோது இந்திய வாகனத் தொழிலே தடுமாறியது; மின்சார மோட்டாருக்குள் இருப்பது அந்தக் காந்தம்தான். இது இந்திய பிராண்டு கார்களையும் தொட்ட பிரச்சினை, ஆகவே வேறு பிராண்டு வாங்கித் தப்ப முடியாது. அன்றாடத்தில் உங்களைத் தொடுவது வேறு: முன் கண்ணாடி, பம்பர், ஹெட்லைட், சார்ஜிங் போர்ட். இந்த நான்கும் திருச்சி சர்வீஸ் சென்டரில் எத்தனை நாளில் வரும் என்று விற்பனையாளரிடம் கேட்காமல், பாகங்கள் கவுன்ட்டரில் நேராகக் கேளுங்கள். அங்கே வண்டி விட்டிருப்பவர்களிடமும் கேளுங்கள்.

பேட்டரிக்கு முதல் உரிமையாளருக்கு ஆயுள்கால வாரண்டி, கைமாறினால் 8 ஆண்டு அல்லது 1.6 லட்சம் கி.மீ. இது மறுவிற்பனை விலையைத் தாங்கும். ஆனால் எத்தனை சதவீதத்துக்குக் கீழே போனால் மாற்றித் தருவார்கள், எந்த சர்வீஸைத் தவறவிட்டால் வாரண்டி போகும் என்பது சிற்றெழுத்தில் இருக்கும். வாரண்டிப் புத்தகத்தை டெலிவரிக்குப் பிறகு அல்ல, பதிவுப் பணம் கட்டும் முன் கேட்டு வாங்கிப் படியுங்கள்.

டெலிவரி நாளன்று டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணைப் பாருங்கள். முதல் இரண்டு இலக்கம் டயர் தயாரான வாரத்தையும், கடைசி இரண்டு இலக்கம் ஆண்டையும் குறிக்கும். மாதக்கணக்கில் யார்டில் நின்ற வண்டியில் 12 வோல்ட் பேட்டரியும் பாதி ஆயுளை இழந்திருக்கும், அதை அளந்து கேளுங்கள். கையெழுத்துப் போடும் முன் ஷோரூமிலேயே சின்ன கேபிளில் பத்து நிமிடம், அருகில் உள்ள டிசி சார்ஜரில் பத்து நிமிடம் சார்ஜ் ஏற்றிப் பார்த்துவிடுங்கள். சார்ஜிங் போர்ட்டில் குறை இருந்தால் முதல் சென்னைப் பயணத்தில் உளுந்தூர்பேட்டையில் வைத்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்காது. எலெக்ட்ரீஷியனை முன்பதிவுக்கு முந்தைய வாரமே வரச் சொல்லுங்கள். எர்த் குழி, தனி லைன், லோடு உயர்த்தும் விண்ணப்பம் மூன்றுக்கும் சேர்த்து அவர் சொல்லும் தொகையைக் காரின் விலையோடு கூட்டி, அந்த மொத்தத்தை வைத்து வங்கியில் கடன் கேளுங்கள்.